கம்பியே கத்தியிடம் வரும் லேத்

ஓர் ஈர்க்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குமாற்றிலிருந்து உருவியதே போதும். அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியை மறு கை விரலால் லேசாகத் தள்ளுங்கள். வளைந்து விலகிவிடும். இப்போது பிடியை மெல்ல மேலே கொண்டுபோய், நுனிக்கு ஒரு விரற்கடை கீழே பிடித்துக்கொண்டு, அதே விரலால் அதே அளவு தள்ளிப் பாருங்கள். அசையாது. குச்சி அதேதான், தள்ளிய விசையும் அதேதான். பிடித்த இடம் மட்டும் மாறியிருக்கிறது.

லேத் என்பது உலோகத்தைச் சுழற்றி, கத்தியால் சீவி வடிவமாக்கும் கடைசல் இயந்திரம். அதில் சுவிஸ் லேத் என்று பட்டறைக்காரர்கள் சொல்லும் வகை இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் மயிரிழை போன்ற அச்சுகள், உடைந்த எலும்பைச் சேர்க்கப் போடும் டைட்டானியம் திருகுகள், பல் இம்பிளான்ட்கள், மின் கனெக்டர்களுக்குள் இருக்கும் பித்தளை ஊசிகள் என்று நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்து, அளவு மைக்ரான் கணக்கில் சரியாக வரவேண்டிய உருப்படிகளில் பெரும்பகுதி இந்த வகை லேத்தில்தான் செய்யப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும்.

முதலில் சாதாரண லேத்தைப் பார்த்துவிடுவோம். அதில் சக் அல்லது காலெட் என்ற பிடிப்பான், ஜாப்பின், அதாவது கடைய வேண்டிய துண்டின், ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றும். டூல் என்ற வெட்டுக் கத்தி ஜாப்பின் நீளவாக்கில் நகர்ந்து சீவிக்கொண்டே போகும். தடியான, குட்டையான ஜாப் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் டூல் உலோகத்தைச் சீவும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளவும் செய்கிறது. தடித்த ஜாப் அந்தத் தள்ளலைத் தாங்கும். ஒல்லியான ஜாப், ஈர்க்குச்சி போல, விலகும்.

எவ்வளவு விலகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் வளைவு, வெளியே நீட்டியிருக்கும் நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. விட்டத்தின் கணக்கு இன்னும் கொடூரம். விட்டம் பாதியானால் வளைவு பதினாறு மடங்கு. 3 மி.மீ. விட்டமுள்ள ஓர் எஃகுக் கம்பி சக்கிலிருந்து 30 மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறது, அதன் நுனியை டூல் 20 நியூட்டன் விசையில் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நியூட்டன் என்பது இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றின் எடை அளவுதான். கணக்குப்படி நுனி 0.23 மி.மீ. விலகும். மூன்று முடியை அடுக்கி வைத்த தடிமன். ஆரத்தில் வரும் பிழை விட்டத்தில் இரட்டிப்பாகத் தெரியும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், 10 மைக்ரானுக்குள் வேண்டிய ஜாப் எந்தக் கதிக்கு ஆளாகும் என்று புரியும்.

சரி, அதே கம்பியை டூல் படும் இடத்துக்கு 2 மி.மீ. பக்கத்தில் பிடித்திருந்தால்? அதே விசைக்கு, அதே சூத்திரப்படி, விலகல் 0.00007 மி.மீ. ஒரு மைக்ரானில் பதினைந்தில் ஒரு பங்கு. உண்மையான இயந்திரத்தில் வேறு பல சின்ன நெகிழ்வுகளும் சேரும், அதனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நீளம் 15 மடங்கு குறைந்ததும் வளைவு 3,375 மடங்கு குறைந்துவிட்டது என்பதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே இந்த எண்ணுக்காகத்தான்.

நான் வேலை பழகிய பட்டறையில் சாதாரண லேத் மட்டும்தான் இருந்தது. ஒருநாள் 4 மி.மீ. ராடு ஒன்றைக் கடையச் சொன்னார்கள். மைக்ரோமீட்டர் என்ற நுண் அளவுக் கருவியில் பார்த்தால் சக் பக்கம் அளவு சரியாக இருந்தது, நுனிப் பக்கம் தடிமனாக இருந்தது. டூலை இன்னும் கொஞ்சம் உள்ளே கொடுத்துத் திரும்ப ஓட்டினேன். நுனி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, சக் பக்கம் மெலிந்துவிட்டது. பக்கத்து லேத்தில் இருந்த மூத்த டர்னர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, டூல் சரியாத்தான் போகுது. ஜாப்தான் அதுகிட்ட இருந்து ஓடுது" என்றார். எனக்கு அந்தச் சொல்தான் இந்த விஷயத்தில் முதல் பாடம். டூல் நேர்கோட்டில்தான் போகிறது, ஓடுவது ஜாப். தூரம் கூடக் கூட அதிகம் ஓடுகிறது. அதனால்தான் நுனி தடிக்கிறது.

இதற்குப் பழைய மருந்துகள் உண்டு. டெயில்ஸ்டாக் சென்டர் என்ற கூர்முனைத் தாங்கியை வைத்து மறுமுனையைத் தாங்கலாம். அப்போது நுனி நிற்கும், நடுப்பகுதி வில் போல வளையும். ஜாப் நடுவில் பீப்பாய் மாதிரி பருத்து வரும். ஸ்டெடி ரெஸ்ட் வைத்து ஓர் இடத்தில் தாங்கலாம், அல்லது டூலோடு கூடவே நகரும் ஃபாலோயர் ரெஸ்ட்டை மாட்டலாம். 20 மி.மீ., 30 மி.மீ. விட்டமுள்ள நீண்ட தண்டுகளுக்கு இவை நன்றாகவே உதவும். 2 மி.மீ. கம்பிக்கு என்ன ரெஸ்ட் வைப்பது, அதுவும் நாளொன்றுக்கு ஆயிரம் உருப்படிக்கு?

கடிகாரக்காரர்களின் மலை

இந்தக் கேள்வி முதலில் கூர்மையாக எழுந்த இடம் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதி. பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத குடும்பங்கள் வீட்டுச் சன்னலோரம் உட்கார்ந்து கடிகாரப் பாகங்கள் செய்த ஊர்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடிகாரம் கைத்தொழிலிலிருந்து ஆலைத் தொழிலாக மாறியபோது, ஒரே மாதிரியான நுண்ணிய திருகுகளும் அச்சுகளும் பல்லாயிரக் கணக்கில் தேவைப்பட்டன. 1870களின் தொடக்கத்தில் யாக்கோப் ஷ்வைட்சர் என்ற கடிகாரத் தொழிலாளி, ஹெட்ஸ்டாக்கே, அதாவது கம்பியைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதியே, முன்னும் பின்னும் சறுக்கி நகரும் லேத்தை உருவாக்கினார். ஷ்வைட்சர் என்ற அந்தக் குடும்பப் பெயருக்கே சுவிஸ்காரர் என்றுதான் பொருள். ஆனாலும் இயந்திரத்துக்கு சுவிஸ் லேத் என்று பெயர் வந்தது நாட்டை வைத்துத்தான்.

ஜூராவில் மூத்தியே என்று ஒரு சிற்றூர். இந்த இயந்திரங்களின் தலைநகர் என்றே அதைச் சொல்லலாம். டோர்னோஸ், பெஷ்லேர், பெட்டர்மான் என்ற மூன்று பெயர்பெற்ற தயாரிப்பாளர்களும் ஒரே ஊரில் போட்டி போட்டு வளர்ந்தார்கள். பின்னாளில் மூன்றும் ஒன்றாகி இன்று டோர்னோஸ் என்ற பெயரில் நிற்கின்றன. தானியங்கி லேத்துகளுக்கென்றே அந்த ஊரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்தக் காலத்து இயந்திரத்துக்குக் கணினி கிடையாது, கேம்தான் மூளை. கேம் என்பது ஓரம் மேடும் பள்ளமுமாக வெட்டிய ஓர் உலோகத் தட்டு. ஒரு தண்டில் வரிசையாகப் பல கேம்கள் கோர்க்கப்பட்டிருக்கும். ஒரு கேம் ஹெட்ஸ்டாக்கைத் தள்ளும், மற்றவை ஆளுக்கொரு டூலை உள்ளே தள்ளி வெளியே விடும். தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒரு உருப்படி முடிந்திருக்கும். அந்த ஜாப்பின் வடிவம் முழுவதும் கேமின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. புது ஜாப் வந்தால் புது கேம் கணக்குப் போட்டு, வெட்டி, மாட்ட வேண்டும். அதற்கே நாள்கணக்கில் ஆகும். 1970களிலிருந்து எண்முறைக் கட்டுப்பாடு வந்து கேமின் இடத்தைப் பிடித்தது. அந்த மாற்றத்தில் முன்னால் நின்றவர்களில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனமும் ஒன்று. அவர்களும் கடிகாரக்காரர்களே. மூளை மாறியது, அடிப்படை ஏற்பாடு மாறவில்லை.

அந்த ஏற்பாடு என்ன

தையல் மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். துணியை விரித்துவைத்து, ஊசியை அதன் மேல் ஓட்டிக்கொண்டு போவதில்லை. ஊசி இருந்த இடத்திலேயே மேலும் கீழும் போகிறது. துணிதான் நகர்ந்து ஊசிக்கு வருகிறது. ஊசி குத்தும் இடத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு பாதம் துணியை அழுத்திப் பிடித்திருக்கிறது. துணி எத்தனை கஜம் நீளமாக இருந்தாலும் ஊசிக்குக் கவலை இல்லை. அது பார்ப்பது பாதத்துக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன இடத்தை மட்டும்தான்.

சுவிஸ் லேத்தில் துணிக்குப் பதில் கம்பி, பாதத்துக்குப் பதில் கைடு புஷ். பின்னாலிருந்து முன்னால் வருவோம். கடைசியில் பார் ஃபீடர், அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் நீளக் கம்பியைப் படுக்க வைத்துத் தள்ளிக் கொடுக்கும் குழாய் போன்ற அமைப்பு. அதற்கு முன்னால் ஹெட்ஸ்டாக். அதற்குள் ஸ்பிண்டில் என்ற சுழல்தண்டும் காலெட்டும் இருக்கின்றன. காலெட் கம்பியை இறுகப் பிடித்துச் சுழற்றும். இந்த ஹெட்ஸ்டாக் முழுவதுமாகத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் சறுக்கும். அதற்கு முன்னால், அசையாத ஒரு சுவரில் பதித்த மாதிரி, கைடு புஷ். கம்பி அதன் துளை வழியே நுழைந்து வெளியே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்த இடத்திலேயே, புஷ்ஷின் முகத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி, டூல்கள் காத்திருக்கும்.

டூல்கள் கம்பியின் குறுக்கே மட்டும் உள்ளே வெளியே போகும். நீளவாக்கு நகர்வு ஹெட்ஸ்டாக்கின் வேலை. 40 மி.மீ. நீளம் சீவ வேண்டும் என்றால், டூலைத் தேவையான விட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஹெட்ஸ்டாக் 40 மி.மீ. முன்னால் வரும். சீவிய பகுதி வெளியே தள்ளப்பட்டுக்கொண்டே போகும். சீவும் இடம் மட்டும் எப்போதும் புஷ்ஷுக்குப் பக்கத்திலேயே இருக்கும். முதல் மில்லிமீட்டருக்கும் நாற்பதாவது மில்லிமீட்டருக்கும் டூல் உணரும் விறைப்பு ஒன்றுதான். ஈர்க்குச்சியின் நுனியைப் பிடித்த பிடி, குச்சியின் முழு நீளத்துக்கும் கூடவே வருகிறது.

உருப்படி முடிந்ததும் பார்ட்டிங் டூல் அதை அறுத்துவிடும். அடுத்து நடப்பதை நான் முதல்முறை பார்த்தபோது வெகுநேரம் நின்று பார்த்தேன். அறுத்த டூல் விலகாமல் அங்கேயே நிற்கும். காலெட் திறக்கும். ஹெட்ஸ்டாக் பின்னால் போகும். கம்பி போகாது. பார் ஃபீடர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருப்பதால் கம்பி பார்ட்டிங் டூலின் பக்கவாட்டில் முட்டி நிற்கும். பின்னால் போன ஹெட்ஸ்டாக் புது இடத்தில் கம்பியை இறுகப் பிடிக்கும். டூல் விலகும், அடுத்த உருப்படி தொடங்கும். மரம் ஏறுபவர் கயிற்றை மேலே போட்டுப் பிடித்து ஏறுவது போல, ஹெட்ஸ்டாக் கம்பியின் மேல் பிடி மாற்றி மாற்றி நகர்கிறது.

கைடு புஷ்

ஆயிரம் பாகங்கள் இருந்தாலும் இந்த இயந்திரத்தின் உயிர் கைடு புஷ்ஷில்தான் இருக்கிறது. பார்த்தால் சின்ன உருளை. முன்பகுதியில் மூன்று நீளப் பிளவுகள் இருக்கும். உள்ளே கம்பி உரசும் இடத்தில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் பதித்திருக்கும். பின்னாலுள்ள மரையைத் திருகினால் பிளவுகள் நெருங்கித் துளை கொஞ்சம் சுருங்கும். கம்பி சுழலவும் வேண்டும், சறுக்கவும் வேண்டும், பக்கவாட்டில் மட்டும் அசையக் கூடாது. இந்த மூன்றுக்கும் இடம்கொடுக்கும் இடைவெளி சில மைக்ரான்கள்தான்.

அதை எப்படி வைப்பது? கம்பியில் ஒரு துண்டை வெட்டி, முனையில் பிசிறு இல்லாமல் தேய்த்து, எண்ணெய் தொட்டு, கையாலேயே புஷ்ஷுக்குள் விட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். தாராளமாகப் போகக் கூடாது. லேசாக விரல் பிடித்து நிறுத்துகிற மாதிரி ஓர் உரசல் தெரியவேண்டும். இத்தனை நவீனமான இயந்திரத்தில் மிக முக்கியமான ஒரு சரிபார்ப்பு இன்னும் மனித விரலின் உணர்வில் இருக்கிறது. பழக ஆசைப்படுபவர்கள் புரோகிராம் எழுதக் கற்பதற்கு முன் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இடைவெளி அதிகமானால் கம்பி துளைக்குள் உருளும். ஜாப் வட்டமாக வராது, மேற்பரப்பில் அதிர்வின் வரிகள் விழும். குறைவானால் கம்பி உரசிச் சூடேறி, கீறல் விழுந்து, கடைசியில் புஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை நான் வைத்த புஷ்ஷில் அப்படித்தான் ஆயிற்று. காலையில் சரியாக இருந்தது. மதியத்துக்குள் இயந்திரம் சூடாகி, இடைவெளி சுருங்கி, கம்பி இறுகி, காலெட்டுக்குள் வழுக்கத் தொடங்கிவிட்டது. கம்பி போதுமான அளவு முன்னால் வராததால் உருப்படிகள் நீளம் குறைந்து விழுந்தன. தொட்டியில் இருந்தவற்றில் எது நல்லது எது குறை என்று ஒவ்வொன்றாக அளந்து பிரிக்க அன்றைய பொழுது முழுவதும் போனது. அன்றிலிருந்து இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகுதான் கடைசி முறை புஷ்ஷைத் தொட்டுப் பார்ப்பேன்.

புஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கம்பி நல்லதாக இல்லாவிட்டால் பயனில்லை. புதிதாக வருபவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் விஷயம் இது. சாதாரண லேத்தில் கம்பியின் வெளிப்புறம் கொஞ்சம் முன்பின் இருந்தால் பாதகமில்லை, எப்படியும் சீவிவிடப் போகிறோம். இங்கேயோ கம்பியின் வெளிப்புறமே தாங்கு பரப்பு. 3 மி.மீ. கம்பிக்கு எச்9 என்ற தர அளவில் 25 மைக்ரான் வரை விட்டம் மாறலாம். எச்7 தரத்தில் 10 மைக்ரான்தான். முழு நீளத்திலும் 25 மைக்ரான் ஏறி இறங்கும் கம்பியை, சில மைக்ரான் இடைவெளி வைத்த துளைக்குள் எப்படி ஓட்டுவது? ஒல்லியான இடத்தில் ஆடும், தடித்த இடத்தில் இறுகும். அதனால்தான் துல்லிய வேலைக்கு கிரைண்டிங் செய்த, அதாவது சாணைக்கல்லில் தேய்த்து அளவாக்கிய, கம்பி வாங்குகிறார்கள். விலை கூடுதல்தான். ஆனால் மலிவான கம்பியில் மிச்சம்பிடித்த பணம் கழிவுத் தொட்டியில் போய் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புஷ்ஷில் இரண்டு வகை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசையாமல் நிற்கும் புஷ்ஷில் கம்பி மட்டும் சுழலும். வட்டத் துல்லியம் இதில்தான் சிறப்பு. ஆனால் வேகம் கூடினால், அல்லது கம்பி தடித்தால் உரசல் தொல்லை கொடுக்கும். அப்போது ஸ்பிண்டிலோடு சேர்ந்தே சுழலும் புஷ்ஷைப் போடுவார்கள். உரசல் குறையும். பேரிங்கின் சிறு ஆட்டம் மட்டும் ஜாப்பில் கொஞ்சம் சேரும். அறுகோணக் கம்பிக்கு வேறு வழியே இல்லை, புஷ்ஷும் சுழன்றாக வேண்டும்.

திரும்பிப் போக முடியாது

சாதாரண லேத்தில் பழகியவருக்கு இங்கே மிகவும் கஷ்டமாகத் தோன்றுவது வேலையின் வரிசை. அங்கே முதலில் ரஃப்பாக மூன்று நான்கு முறை சீவிவிட்டு, கடைசியில் ஃபினிஷ் ஓட்டுவோம். இங்கே அது நடக்காது. ஏனென்று யோசித்துப் பாருங்கள். 5 மி.மீ. கம்பி 5 மி.மீ. துளையில் நிற்கிறது. 40 மி.மீ. நீளத்துக்கு 3 மி.மீ. ஆகச் சீவி வெளியே தள்ளிவிட்டோம். இன்னொரு முறை சீவ வேண்டும் என்றால் கம்பியைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் 3 மி.மீ. பகுதி 5 மி.மீ. துளைக்குள் போய்விடும். தாங்குவதற்கு எதுவும் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியது போலத் தொங்கும்.

ஆகவே ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் சீவி, அதையே இறுதி அளவாக்க வேண்டும். புஷ் பக்கத்திலேயே இருப்பதால் இயந்திரம் அந்தச் சுமையைத் தாங்குகிறது. இரண்டு டூல்களை எதிரெதிரே வைத்து, ரஃப் டூலை ஒரு நூலிழை முன்னாலும் ஃபினிஷ் டூலை அதன் பின்னாலும் விட்டு, ஒரே தள்ளலில் இரண்டையும் முடிப்பதும் உண்டு. எதிரெதிர் விசைகள் ஓரளவு ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்பது கூடுதல் நன்மை.

நீண்ட ஜாப்பில் முன்பகுதியில் ஒரு பள்ளம், குறுக்கே ஒரு துளை, நடுவில் ஒரு படி, பின்னால் ஒரு மரை என்று பல வேலைகள் இருந்தால், அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். முதல் பகுதியைச் சீவு, பள்ளம் போடு, துளையிடு, பிசிறு எடு. எல்லாம் முடிந்த பிறகு அடுத்த பகுதியைத் தள்ளு. கோலம் போடும்போது ஒரு மூலையை முடித்துவிட்டு நகர்வது போல. போட்டதை மிதித்துக்கொண்டு திரும்பி வர முடியாது.

புரோகிராம் எழுதுபவருக்கு இன்னொரு திசைக் குழப்பமும் வரும். நீளவாக்குத் திசைக்கு புரோகிராமில் இசட் என்று பெயர். வழக்கமான லேத்தில் டூல் சக்கை நோக்கிப் போவது மைனஸ் இசட். சறுக்கும் ஹெட்ஸ்டாக் உள்ள பல இயந்திரங்களில் ஹெட்ஸ்டாக் முன்னால் வருவது பிளஸ் இசட், அதுதான் சீவும் திசை. முதல் வாரம் எல்லாருக்கும் கை தடுமாறும். டூல் போவதாக நினைக்காமல் கம்பி வருவதாக நினைத்தால் தெளிந்துவிடும்.

மரை வெட்டும் விஷயம் இந்தத் தடையால் பிறந்த ஓர் அழகான தீர்வு. வழக்கமான முறையில் ஒரே மரைப் பாதையில் டூலைப் பல முறை ஓட்ட வேண்டும், அதாவது கம்பி முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சில மில்லிமீட்டர் நீள மரை என்றால் சமாளிக்கலாம். 50 மி.மீ. நீளமுள்ள, ஆழமான பல் கொண்ட எலும்புத் திருகுக்கு என்ன செய்வது? அங்கே வேர்லிங் என்ற முறை வருகிறது. ஒரு வளையம். அதன் உள்பக்கம் முழுக்க வெட்டும் முனைகள். வளையத்துக்கு நடுவே, மையம் கொஞ்சம் விலகி, கம்பி நுழைந்து மெதுவாகச் சுழலும். வளையம் மரையின் சாய்வுக்கு ஏற்பச் சாய்ந்து வேகமாகச் சுழலும். புஷ்ஷை விட்டு வெளியே வரும் கம்பியில் முழு ஆழ மரையும் ஒரே ஓட்டத்தில் விழுந்துகொண்டே போகும். டைட்டானியம் திருகு கம்பிக்குள்ளிருந்து முளைத்து வருவது போல இருக்கும்.

மறுபக்கம் நிற்கும் கை

இதுவரை சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. அறுத்து விழும் உருப்படியின் பின்முகம் வெறுமனே அறுத்தபடி இருக்கும். அதில் துளை வேண்டும், சாம்ஃபர், அதாவது ஓரத்தில் சாய்வு, வேண்டும் என்றால்? அதற்குத்தான் சப்-ஸ்பிண்டில். மெயின் ஸ்பிண்டிலுக்கு நேர் எதிரே நிற்கும் இரண்டாவது ஸ்பிண்டில் இது. அறுப்பதற்கு முன் முன்னால் வந்து, அதே வேகத்தில் சுழன்றபடி ஜாப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். அறுந்ததும் ஜாப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போய், அதன் பின்முகத்தில் வேலை செய்யும். அதே நேரத்தில் மெயின் பக்கம் அடுத்த உருப்படி தொடங்கியிருக்கும். இரண்டு கை ஒரே சமயத்தில். முன்பகுதி முடிந்து வெகுநீளம் வெளியே தொங்கும் ஜாப்பை சப்-ஸ்பிண்டில் பிடித்து, ஹெட்ஸ்டாக்கோடு கூடவே நகர்ந்து தாங்குவதும் உண்டு. டூல்களில் சிலவற்றுக்குச் சொந்த மோட்டார் இருப்பதால் குறுக்குத் துளையும் தட்டை முகமும் மில்லிங்கும் இங்கேயே முடிந்துவிடும். கம்பியாக உள்ளே போனது முழு உருப்படியாக வெளியே வருகிறது.

வேகமும் எண்ணெயும் சேர்த்துச் சொல்ல வேண்டியவை. ஒல்லியான கம்பியில் போதுமான வெட்டு வேகம் கிடைக்கச் சுழற்சி மிக அதிகம் தேவை. 3 மி.மீ. விட்டத்தில் நிமிடத்துக்கு 80 மீட்டர் வெட்டு வேகம் வேண்டுமென்றால் ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்று சுற்ற வேண்டும். முன்னால் புஷ் இருக்கிறது, கவலையில்லை. பின்னால் பார் ஃபீடரில் படுத்திருக்கும் 3 மீட்டர் கம்பியும் அதே வேகத்தில் சுழல்கிறதே! விட்டால் அது சாட்டை போல அடிக்கும். அதனால் ஃபீடரின் குழாயில் எண்ணெய் நிரப்பி, கம்பி அந்த எண்ணெயிலேயே மிதந்து சுழலும்படி செய்கிறார்கள். வெட்டும் இடத்திலும் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த கூலன்ட்டை விடாமல் சுத்த கட்டிங் ஆயிலைத்தான் விடுகிறார்கள். கைடு புஷ்ஷுக்கு மசகு வேண்டுமே. எண்ணெய்க்கு ஒரு ஆபத்தும் உண்டு. மழுங்கிய டூலும் சூடான சீவலும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். டைட்டானியம் ஓட்டும் இயந்திரங்களில் தானாகத் தீயணைக்கும் அமைப்பு வைப்பதை வீண் செலவென்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எப்போது வேண்டாம்

இவ்வளவு சொன்ன பிறகு, இது எல்லா வேலைக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. காலெட்டுக்கும் கைடு புஷ்ஷுக்கும் நடுவே எப்போதும் ஒரு தூரம் இருக்கிறது. கம்பி தீர்ந்து வரும்போது அந்தத் தூரத்துக்கான நீளத்தைப் பயன்படுத்தவே முடியாது. 3 மீட்டர் கம்பியில் 250 மி.மீ. மிஞ்சினால் நூற்றுக்கு எட்டு பங்குக்கு மேல் கழிவு. பித்தளையில் பொறுக்கலாம். மருத்துவத் தர டைட்டானியத்தில் மனது வலிக்கும். தடித்த வேலைக்கும் இது பொருந்தாது. இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் 32 அல்லது 38 மி.மீ. விட்டம் வரைதான். 4 மி.மீ., 7 மி.மீ. வரை மட்டும் எடுக்கும் குட்டி இயந்திரங்களும் உண்டு. பத்து உருப்படி மட்டும் வேண்டுமென்றால் புஷ் வைத்து, கம்பி ஏற்றி, டூல்களை அமைக்கும் நேரமே வேலை நேரத்தைவிட அதிகமாகிவிடும்.

நீளம் குறைவான ஜாப் வந்தால்? விட்டத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்குக்குள் நீளம் இருந்தால் அந்த ஜாப் தானாகவே விறைப்பாக நிற்கும், பக்கத்தில் பிடிக்க ஆள் தேவையில்லை. இதற்காகவே இப்போது வரும் இயந்திரங்களில் பலவற்றில் கைடு புஷ்ஷைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் காலெட்டையே டூலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஓட்டலாம். கழிவுத் துண்டு குட்டையாகும், கிரைண்டிங் செய்யாத கம்பியும் போதும். ஹெட்ஸ்டாக் அப்போதும் சறுக்கிச் சறுக்கித்தான் கம்பியை டூலிடம் கொண்டுவரும். நீண்ட ஜாப் மறுபடி வந்ததும் புஷ்ஷைத் துடைத்து, மாட்டி, ஒரு துண்டுக் கம்பியை எண்ணெய் தொட்டு உள்ளே விட்டு, விரலால் ஆட்டிப் பார்ப்பதிலிருந்து வேலை மீண்டும் தொடங்கும்.